ஒரு பானைச் சோறும் ஒன்பது ஆட்களும்

(ஒரு கிராமத்து விளையாட்டுக் கழக ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவு)



இன்று காலை முதல் இம்மைதானத்தில் நடந்த ஓட்டப் பந்தயங்களையும் சடுகுடு ஆட்டத்தையும் பார்த்து நாம் மிகுந்த சந்தோஷம் அடைந்தோம். பரிசு பெற்றவர்களுக்கும், பரிசு கிடைக்காது என்று தெரிந்தும் பாதியில் நின்றுவிடாமல் ஓடி முடித்தவர்களுக்கும் நமது வாழ்த்துதலைத் தெரிவித்துக் கொள்ளுகின்றோம்.

விளையாட்டைப் பற்றிப் பேச நமக்கு என்ன யோக்கியதை என்று சிலர் கேட்கலாம். நாம் ஓட்டக்காரரும் அல்ல. காலேஜில் படித்த விஞ்ஞானியும் அல்ல. சிறு வயதிலேயே பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, கையில் கிடைத்த புத்தகங்களைப் படித்து, தெரியாததைத் தெரிந்தவர்களிடம் வெட்கப்படாமல் கேட்டுக் கற்றுக் கொண்டவர்கள் நாம். ஆனாலும், "இதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பதற்குப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை என்கின்ற தைரியத்தின் மேலேயே இங்கு வந்து நிற்கின்றோம்.

நாம் வேறு ஏதோ பேசுவதாக எண்ணித்தான் வந்தோம். ஆனால் இன்று காலையில் ஒரு தாயார் நம்மிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். "அய்யா, என் மகன் நன்றாக ஓடுகிறான். கடைக்காரர் ஒரு டப்பா மாவையும் ஒரு கலர்த் தண்ணீர் பாட்டிலையும் காட்டி, இது இல்லாமல் ஓடினால் ஜெயிக்க முடியாது, விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்துச் சொன்னது என்கிறாராம். வாரக் கூலியில் பாதி அதற்கே போகிறது. வாங்குவதா, வேண்டாமா?" என்றார். இதைவிட நல்ல கேள்வியை நாம் எந்த மேடையிலும் கேட்டதில்லை. ஆகையால் இன்றைய பேச்சு முழுவதும் அந்த அம்மையாருக்குச் சொல்லும் பதிலேயாகும்.

பழமொழி எங்கே செல்லும்?

தோழர்களே! "ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று நம்மவர்கள் சொல்லுவது உங்களுக்குத் தெரியும். அந்தப் பழமொழி பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. சோற்றுக்கு அது முற்றும் சரி. ஏன் சரி? ஒரே அரிசி, ஒரே தண்ணீர், ஒரே அடுப்பு, ஒரே நேரம். அகப்பையால் துழாவியும் விட்டாயிற்று. ஆகவே ஒரு பருக்கை வெந்திருந்தால் மற்றப் பருக்கைகளும் வெந்திருக்கும் என்று தாய்மார்கள் கண்டு கொள்ளுகிறார்கள். துழாவாத பானையில் எந்தத் தாயாவது மேலே கிடக்கும் ஒரு பருக்கையை நம்பிக் கஞ்சியை வடிப்பாரா?

மனிதர்கள் அப்படி ஒரே பானையில் வெந்த பருக்கைகளா? ஒருவன் முந்திய இரவு நன்றாகத் தூங்கினான், ஒருவன் தூங்கவில்லை. ஒருவன் ஆறு வருஷமாக ஓடுகிறான். ஒருவன் ஆறு மாதமாக ஓடுகிறான். இவ்வளவு ஏன்? ஒரே ஆள் இன்று ஓடுவது போல் நாளை ஓடுவதில்லை. ஒரு பானம் ஓட்டத்தில் கொடுக்கக் கூடிய லாபமோ நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு. அந்த ஆளின் அன்றாட ஏற்றத் தாழ்வே அவ்வளவு இருக்கும். இதை நாலைந்து பேரை வைத்து அளந்து பார்ப்பது, விறகுத் தராசில் தங்கம் நிறுப்பது போன்றதாகும்.

நாமே ஏமாந்த கதை

பிறரை மாத்திரம் குற்றம் சொல்லிவிட்டுப் போக நமக்கு விருப்பமில்லை. நாமும் இப்படி ஏமாந்திருக்கின்றோம். சில வருஷங்களுக்கு முன் நமது ஊர்ச் சடுகுடுப் பிள்ளைகள் விலை உயர்ந்த பானம் வேண்டும் என்று கேட்டபோது, அதெல்லாம் வேண்டாம், பழைய சோற்று நீராகாரமே போதும் என்று சொல்லிக் கொடுத்தோம். அன்று அவர்கள் ஜெயித்துவிட்டார்கள். நாம் உடனே இரண்டு மேடைகளில் ஏறி, "பார்த்தீர்களா நமது நீராகாரத்தின் பெருமையை!" என்று பேசினோம். மூன்றாவது மேடையில் எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளை எழுந்து, "அய்யா, நீராகாரம் குடித்துவிட்டுத் தோற்ற ஆட்டங்கள் எத்தனை?" என்று கேட்டான். நம்மிடம் கணக்கு இல்லை. விசாரித்துப் பார்த்தால் அதற்கு முன்பும் பின்பும் பல ஆட்டங்களில் அதே நீராகாரத்தைக் குடித்துவிட்டுத் தோற்றிருக்கிறார்கள். ஜெயித்த ஒன்று நமக்கு இஷ்டமாக இருந்தபடியால் அது மாத்திரம் கண்ணில் பட்டது. அந்தப் பிள்ளையிடம் நாம் கற்றுக் கொண்ட பாடத்தைத்தான் இப்பொழுது உங்களுக்குச் சொல்லுகின்றோம்.

காசு சுண்டிப் பாருங்கள்

உங்கள் மடியில் இருக்கும் ஒரு காசை எடுத்து 10 தடவை சுண்டுங்கள். காசில் யாதொரு சூதும் இல்லாமல் இருந்தாலும், 100 பேர் இப்படிச் சுண்டினால் அவர்களில் சுமார் 17 பேருக்கு 7 தடவையோ அதற்கு மேலோ தலை விழும். அந்த 17 பேரும், "நம் காசு தலைக்காசு, சோதித்துப் பார்த்தாயிற்று" என்று சத்தியம் செய்யலாம். ஆனால் அதே காசை 100 தடவை சுண்டி 70 தடவையோ அதற்கு மேலோ தலை விழ வேண்டுமானால், லட்சம் பேர் சுண்டினாலும் சுமார் 4 பேருக்குத்தான் அப்படி நடக்கும். பத்துக்கு ஏழும் நூற்றுக்கு எழுபதும் வாய்ப்பாட்டில் ஒன்றுதான். ஆனால் ஆதாரம் என்கின்ற முறையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எண்ணிக்கை சிறுத்தால் தற்செயல் பெருக்கும். இந்த ஒரு வாக்கியத்தை மாத்திரம் இன்றைக்கு வீட்டுக்கு எடுத்துச் சென்றால் போதும்.

நாற்பது வருஷத்துச் சோதனைகள்

இனி அந்தக் கலர்த் தண்ணீரின் சங்கதிக்கு வருவோம். 1965ம் வருஷத்தில் அமெரிக்காவில் புளோரிடா சர்வகலாசாலையில் ராபர்ட் கேட் என்கின்ற வைத்தியரும் அவரது கூட்டாளிகளும் தங்கள் கால்பந்தாட்டக்காரர்களுக்காக உப்பும் சர்க்கரையும் கலந்த ஒரு பானம் செய்தார்கள். அதுதான் கேட்டோரேட். அதன் பிறகு இது உலகமெங்கும் பெருத்த வியாபாரமாகிவிட்டது.

2012ம் வருஷத்தில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் என்கின்ற வைத்தியப் பத்திரிகைக்காக, கார்ல் ஹெனகன் முதலிய ஆராய்ச்சிக்காரர்கள் இந்த வியாபாரத்தின் ஆதாரத்தைக் கேட்டார்கள். அப்பொழுது லூகோசேட் பானத்தை விற்று வந்த கிளாக்ஸோ ஸ்மித்கிளைன் கம்பெனி தன்னிடமிருந்த சோதனைகளின் பட்டியலைக் கொடுத்தது. கொடுத்ததற்காக அக்கம்பெனியைப் பாராட்டவே வேண்டும். மற்றப் பெரிய கம்பெனிகளிடமிருந்து அப்படி ஒரு முழுப் பட்டியல் கிடைக்கவில்லை. அந்தப் பட்டியலிலிருந்து 1971 முதல் 2012 வரையில் வெளிவந்த 106 சோதனைகளை எடுத்துப் பரிசீலித்துப் பார்த்தார்கள்.

என்ன கண்டார்கள்? அந்த 106 சோதனைகளையும் ஆள் கணக்குப்படி வரிசையாக வைத்தால், நடுவில் நிற்கும் சோதனையில் கலந்து கொண்டவர்கள் 9 பேர். தோழர்களே, ஒன்பதே பேர்! ஒரு சடுகுடுக் கட்சிக்கு இரண்டு பேர்தான் அதிகம். ஒரே ஒரு சோதனையில் மாத்திரம் 257 மாரத்தான் ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். அதற்கு அடுத்த பெரிய சோதனையில் 52 பேர். நாற்பது வருஷத்து ஆராய்ச்சியின் லட்சணம் இது.

இந்த ஒன்பது பேரிலும் எப்படிப்பட்ட சோதனைகள்? சிலவற்றில் ஆட்களை இரவெல்லாம் பட்டினியாக வைத்திருந்து, காலையில் ஒரு தடவை வெறும் தண்ணீரும் இன்னொரு தடவை சர்க்கரைத் தண்ணீரும் கொடுத்துப் பார்ப்பது. பட்டினி கிடந்தவனுக்கு வெல்லக்கட்டி கொடுத்தாலும்தான் தெம்பு வரும்! அதற்கு ஒரு கம்பெனி எதற்கு? 2014ம் வருஷம் ஜனவரி மாதத்தில், தண்ணீரைவிட இப்பானமே மேலானது என்று சொன்ன ஒரு லூகோசேட் விளம்பரத்தை இங்கிலாந்தின் விளம்பரக் கண்காணிப்பு நிலையத்தார் தடுத்தும்விட்டார்கள்.

குடித்தவன் மனசு

மனசு செய்யும் வேலை ஒன்றும் இருக்கின்றது. 2000ம் வருஷத்தில் வெளியான ஒரு சோதனையில், 43 சைக்கிள்காரர்களை 40 கிலோ மீட்டர் ஓட்டச் செய்தார்கள். சிலருக்கு, "நீ குடிப்பது சர்க்கரைப் பானம்" என்று சொல்லப்பட்டது. சிலருக்கு, "நீ குடிப்பது சத்தில்லாத வெறும் பானம்" என்று சொல்லப்பட்டது. சர்க்கரை என்று சொல்லப்பட்டவர்களின் வலு நூற்றுக்கு 4க்கு மேல் ஏறிற்று. வெறும் பானம் என்று சொல்லப்பட்டவர்களுக்கு அரைதான் ஏறிற்று. பாட்டிலுக்குள் உண்மையில் என்ன இருந்தது என்பதால் உண்டான வித்தியாசமோ மிகச் சொற்பம். ஆகவே குடிக்கிறவனுக்கும் தெரியாமல், கொடுக்கிறவனுக்கும் தெரியாமல் சோதனை நடந்தாலொழிய அது சோதனையே அல்ல. இதையும் 43 பேரை வைத்துத்தான் சொன்னார்கள். நமக்குச் சாதகமாக இருக்கின்றது என்பதற்காக இதை மாத்திரம் வேதவாக்காகக் கொள்ளக் கூடாது.

முழுகியவர்களின் கணக்கு

கிரேக்க தேசத்தில் முற்காலத்தில் தியாகொரஸ் என்கின்ற ஒரு நாஸ்திகர் இருந்ததாகச் சொல்லுவார்கள். கப்பல் உடைந்தும் பிழைத்தவர்கள் கோவிலில் மாட்டி வைத்த காணிக்கைப் படங்களை ஒருவர் அவரிடம் காட்டி, "இத்தனை பேர் வேண்டிக் கொண்டு பிழைத்திருக்கிறார்களே, இன்னுமா நம்பமாட்டீர்?" என்றாராம். அதற்கு அவர், "வேண்டிக் கொண்டும் கடலில் முழுகிப் போனவர்களின் படங்கள் எங்கே மாட்டியிருக்கின்றன?" என்று கேட்டாராம்.

விளையாட்டு ஆராய்ச்சியிலும் இதே கேள்வியைத்தான் நாம் கேட்கின்றோம். ஒரு பிரயோஜனமும் இல்லாத ஒரு மாவை 20 இடங்களில் தனித்தனியே சோதித்தால், வழக்கமான கணக்குப்படி ஓரிடத்திலாவது "பலன் உண்டு" என்று தற்செயலாய் வருவதற்கு நூற்றுக்கு 64 பங்கு வாய்ப்பு இருக்கின்றது. அந்த ஒன்று பத்திரிகையில் அச்சாகும். மற்ற 19ம் மேஜை அறைக்குள் தூங்கும். அன்றியும், ஆடுகின்ற தராசில் முள் வெகு தூரம் சாய்ந்தால்தானே கண்டுபிடித்தோம் என்று கூவுவார்கள்? ஆகையால் சிறு சோதனைகளில் அச்சாகி வரும் பலன், உண்மைப் பலனைவிடப் பெரும்பாலும் ஊதிப் போயிருக்கும்.

இது வெறும் யூகமல்ல. அயர்லாந்து தேசத்து ஆராய்ச்சிக்காரர்கள் முன்னின்று, பல இடத்தாரையும் சேர்த்துக் கொண்டு, 2016 முதல் 2021 வரை முதல் தரமான விளையாட்டு விஞ்ஞானப் பத்திரிகைகளில் வெளியான சோதனைகளில் 25ஐ எடுத்து, அதே முறையில் மறுபடியும் செய்து பார்த்தார்கள். அதன் முடிவு 2025ம் வருஷத்தில் வெளியாயிற்று. எல்லா அளவுகோலுக்கும் நின்று தேறியவை எத்தனை? 25க்கு 7! அதாவது நூற்றுக்கு 28. பலன்களின் அளவும் பெரிதும் சுருங்கிப் போயிற்று. கம்பெனி விளம்பரத்தில் கண்டவை அல்ல இவை. பேர் போன பத்திரிகைகளில் வந்தவை.

கோலையே குறைத்தார்கள்

ஆள் போதவில்லை என்றால் ஆளைக் கூட்ட வேண்டும். அதை விட்டுவிட்டு அளவுகோலைத் தளர்த்தும் வேலையும் நடந்தது. 2006ம் வருஷத்தில் ஹாப்கின்ஸ், பாட்டர்ஹாம் என்னும் இருவர் விளையாட்டு விஞ்ஞானத்துக்கென்று ஒரு புதுக் கணக்கு முறையை எடுத்துச் சொல்ல, பலர் அதைக் கையாளத் தொடங்கினார்கள். சிறு சோதனைகளில்கூட, "பலன் இருக்கக்கூடும்" என்று சொல்ல அது சுலபமாக வழி விட்டது. 2018ம் வருஷத்தில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த கிறிஸ்டின் சைனானி என்னும் அம்மையார், இம்முறையால் பொய்ப் பலன்கள் பெருகுகின்றன என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். பெரிய கூட்டமே ஒப்புக் கொண்டுவிட்டது என்பதற்காக அவர் பேசாமலிருந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

பெண்கள் எங்கே?

இந்த ஒன்பது பேரில் பெண்கள் எத்தனை என்று கேட்டால் அது இன்னும் வெட்கக்கேடு. 2014 முதல் 2020 வரை ஆறு பத்திரிகைகளில் வந்த 5,261 ஆராய்ச்சிகளை எண்ணிப் பார்த்ததில், ஆண்களை மாத்திரம் வைத்துச் செய்தவை நூற்றுக்கு 31. பெண்களை மாத்திரம் வைத்துச் செய்தவை நூற்றுக்கு 6. ஆண்பிள்ளைகள் ஒன்பது பேரைச் சோதித்துவிட்டு, அதே முடிவைப் பெண்களுக்கும் எழுதி வைப்பது, இவருடைய காலுக்கு அளவெடுத்து அவருக்குச் செருப்புத் தைப்பதாகும். இன்று இந்த மைதானத்தில் ஓடிய நமது பெண்மக்களுக்காகவே இதைச் சொல்லுகின்றோம்.

இதில் உயிர் இருக்கின்றது

நிற்க, "போனால் நாலு காசுதானே போகிறது, இதற்கு இவ்வளவு பேச்சா?" என்று சிலர் எண்ணலாம். காசு மாத்திரமல்ல, தோழர்களே! ஓட்டக்காரர் வேர்வையாய்ப் போன நீர் அவ்வளவையும் குடித்து ஈடு செய்ய வேண்டும், அல்லது தாங்கும் மட்டும் குடிக்க வேண்டும் என்று 1996ம் வருஷத்தில் அமெரிக்க விளையாட்டு வைத்தியச் சங்கமே உபதேசம் செய்தது. 2002ம் வருஷத்தில் பாஸ்டன் மாரத்தானில் ஓடிய ஓர் இளம் பெண், அளவு மீறிய நீரால் இரத்தத்தில் உப்புக் குறைந்து இறந்து போனார். அதே ஓட்டத்தில் ஓடியவர்களில் 488 பேருடைய இரத்தத்தை ஆராய்ச்சிக்காரர்கள் சோதித்து 2005ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். நூற்றுக்கு 13 பேருக்கு உப்புக் குறைந்திருந்தது. மூன்று பேருக்கு உயிருக்கே ஆபத்தான அளவில் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது குடித்துக் குடித்து எடை ஏறியவர்களே இதில் அதிகம் அகப்பட்டவர்கள்.

இங்கே யோசித்துப் பாருங்கள். 488 பேரில் மூன்று பேர் என்றால் சுமார் 160 பேருக்கு ஒருவர். இந்த ஆபத்து ஒன்பது பேரை வைத்துச் செய்யும் சோதனையில் கண்ணில் படுமா? அப்படிப்பட்ட பத்துச் சோதனைகள் செய்தாலும் படாமல் போவதற்கே வாய்ப்பு அதிகம். சிறு சோதனை இல்லாத நன்மையைக் காட்டும். இருக்கின்ற தீமையை மறைக்கும். நூற்றுக்கணக்கான பேரைப் பார்த்த பிறகே உண்மை வெளிவந்தது. அச்சங்கமும் 2007ம் வருஷத்தில் தன் உபதேசத்தைத் திருத்தி, அளவுக்கு மீறிக் குடிக்க வேண்டாம் என்று சொல்லிற்று.

அப்படியானால் விஞ்ஞானமும் பொய்யா?

இதைக் கேட்டவுடன் நமது எதிரிகள், "பார்த்தாயா, உன் விஞ்ஞானமும் இவ்வளவுதான், ஆகையால் எங்கள் நம்பிக்கையைக் குறை சொல்லாதே" என்று சொல்ல வருவார்கள். அவர்களுக்கு நாம் சொல்லுவது இதுதான். இந்தக் குற்றங்களையெல்லாம் கண்டுபிடித்தது யார்? ஜோசியரா? மந்திரவாதியா? விஞ்ஞானிகளே அல்லவா? 25 சோதனைகளைத் திரும்பச் செய்து, 18 தேறவில்லை என்று தங்கள் கூட்டத்தின் முகத்துக்கு நேரே அச்சிட்டவர்களும் அவர்களேதான். தன் சொல்லைத் தானே மறுபடியும் சோதித்து, தவறென்றால் ஒப்புக் கொள்ளுவதுதான் விஞ்ஞானத்தின் யோக்கியதையே ஒழிய, ஒரு தடவை சொல்லிவிட்டதால் அதற்கு யோக்கியதை வந்துவிடாது.

ஆராய்ச்சிக்காரர்களின் கஷ்டத்தையும் நாம் உணராமல் இல்லை. உலகத்தில் முதல் வரிசை ஓட்டக்காரர்கள் சொற்பம். அவர்களைப் பயிற்சியிலிருந்து பிரித்துச் சோதனைச் சாலைக்குக் கொண்டு வருவது கஷ்டம். பணமும் போதாது. ஆனால் அதற்குப் பரிகாரம் இல்லாமல் போகவில்லை. ஓரிடத்தில் ஒன்பது பேர்தான் கிடைப்பார்கள் என்றால், பத்து இடத்தார் ஒன்று சேர்ந்து தொண்ணூறு பேராக்கலாம். எதை அளக்கப் போகிறோம், எத்தனை பேரை அளக்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே பலர் அறிய எழுதி வைத்துவிட்டுச் சோதனையை ஆரம்பிக்கலாம். பலன் இல்லை என்று வந்தாலும் அதையும் அச்சிடலாம். கணக்குகளைப் பூட்டி வைக்காமல் கேட்டவருக்குக் காட்டலாம். இவையெல்லாம் இப்பொழுது சிற்சில இடங்களில் நடந்தும் வருகின்றன. முழுதும் நடக்க வேண்டும் என்பதே நமது ஆசை.

தாயாருக்குப் பதில்

கடைசியாக, காலையில் கேட்ட அந்த அம்மையாருக்கு நமது பதில்: மணிக்கணக்காக ஓடுகிறவர்களுக்கு, சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கு இடையில் மாவுச் சத்து உதவும் என்பதற்கு ஆதாரம் இருக்கின்றது. அது வாழைப்பழத்திலும் கஞ்சியிலும் கூட இருக்கின்றது. உங்கள் பிள்ளை ஓடுவதோ 400 மீட்டர். ஒரு நிமிஷ வேலை. அதற்குக் கூலியில் பாதியைக் கொட்ட வேண்டியதில்லை. தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்கட்டும். அந்தக் காசுக்கு வேர்க்கடலையும் முட்டையும் வாங்கிக் கொடுங்கள்.

இனி யாராவது வந்து, "சோதித்துப் பார்த்தது" என்று சொன்னால், உங்கள் பிள்ளை அவரிடம் ஐந்து கேள்விகள் கேட்கட்டும். எத்தனை பேரைச் சோதித்தீர்கள்? எதோடு ஒப்பிட்டீர்கள்? குடித்தவருக்கு அது இன்னதென்று தெரியுமா? சோதனைக்குப் பணம் கொடுத்தது யார்? வேறு யாராவது திரும்பச் செய்து பார்த்தார்களா? இந்த ஐந்துக்கும் பதில் சொல்லாதவரிடம் ஒரு காசும் கொடுக்க வேண்டாம்.

தோழர்களே! நாம் இன்று இவ்வளவு நேரம் சொன்னதையும் நாம் சொன்னோம் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். நாமும் ஒரு ஆள்தான், ஒரு பருக்கைதான். வீட்டுக்குப் போய்க் காசைச் சுண்டிப் பாருங்கள். உங்கள் கழகத்தில் ஒரு நோட்டுப் புஸ்தகம் வைத்து, ஜெயித்ததையும் தோற்றதையும் விடாமல் எழுதுங்கள். அடுத்த வருஷம் இதே விழாவில் அந்த நோட்டை நம்மிடம் காட்டி, நாம் சொன்னதில் எது தவறு என்று சொல்லுங்கள். அதைவிடப் பெரிய மாலை நமக்கு வேண்டியதில்லை.